சிறு விவசாயத்தில் பணம் போட்டால் ஒரு ஏழை நாட்டின் பொருளாதாரம் நிமிருமா?

எறும்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக நண்பன் ஒருவனோடு ஒரே வாக்குவாதம், முடிகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வங்கியில் சும்மா தூங்குகிறது. வளரும் நாடுகளில் இருக்கும் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க வழி செய்யும் ஒரு இணையத் தளம் கண்ணில் பட்டது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். நாம் கொடுக்கும் பணத்தில் விதையும் உரமும் வாங்குவார்களாம், அறுவடை முடிந்ததும் வட்டியோடு திரும்பி வருமாம், கூடவே அந்த நாட்டின் பொருளாதாரத்துக்கும் நாம் கை கொடுத்த மாதிரி ஆகுமாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

நண்பன் சிரிக்கிறான். "மண்வெட்டியை வைத்து எந்த நாடும் பணக்கார நாடு ஆனதில்லை. அந்த ஆட்களை வயலை விட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருவதுதான் முன்னேற்றம். நீ கொடுக்கும் கடன் அவர்களை அதே சேற்றில் இன்னும் பத்து வருடம் நிற்க வைக்கும்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் சொல்வது முழுக்கச் சரி என்றும் தோன்றவில்லை.

ஆகவே இரண்டு கேள்வி. ஒன்று, சிறு விவசாயத்தில் போடும் பணம் ஒரு நாட்டையே தூக்கி நிறுத்தியதற்கு உண்மையில் உதாரணம் இருக்கிறதா, அல்லது இது வெறும் நல்லெண்ணமா? இரண்டு, போடுவதென்றால் எதில் போடவேண்டும்? விதை, உரம், டிராக்டர், கடன், எதில்? துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.


பழைய கணக்கர்:

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதிய கட்டுரையின் சாரம் அதுதான்: கிராமத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் நவீனத் தொழிலுக்கு நகர நகர நாடு வளரும். 1979-இல் அவருக்குப் பரிசு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அந்தப் பரிசை அவரோடு பங்குபோட்டுக்கொண்டவர் தியோடர் ஷுல்ட்ஸ். அவருடைய வாதம் வேறு பக்கம் போகிறது. ஏழை விவசாயி ஏழைதானே தவிர விவரம் கெட்டவன் இல்லை, கையில் இருப்பதை வைத்து எடுக்க முடிந்ததை எல்லாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், அதற்கு மேல் வேண்டுமென்றால் புது விதை, ஆராய்ச்சி, படிப்பு என்று வெளியிலிருந்து மூலதனம் உள்ளே வரவேண்டும் என்றார். எனக்கு இந்த இரண்டு பேரும் ஒரே கதையின் அடுத்தடுத்த அத்தியாயங்களைச் சொன்ன மாதிரிதான் படுகிறது.

உதாரணம் கேட்டீர்கள். தைவான். இன்றைக்கு சிப் செய்யும் நாடு. 1949-இல் அங்கே குத்தகையை விளைச்சலில் 37.5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அதற்கு முன் பாதிக்குப் பாதி, சில இடங்களில் அதற்கும் மேலே. 1953-இல் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தது. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், நிலத்தை இழந்தவர்களுக்குக் கொடுத்த ஈட்டுத்தொகையில்தான். 70 விழுக்காடு கடன் பத்திரங்களாக, மீதி 30 விழுக்காடு சிமென்ட், காகிதம் போன்ற அரசு நிறுவனங்களின் பங்குகளாகப் போனது. நிலம் உழுதவன் கைக்கு, நிலக்காரரின் மூலதனம் தொழிற்சாலைக்கு. உங்கள் நண்பர் கேட்கும் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் வயலில்தான் போட்டார்கள்.

இன்னொன்று வியட்நாம். 1980-களில் அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு. 1988-இல் கூட்டுப்பண்ணையின் பிடியைத் தளர்த்தி, இந்த நிலம் இத்தனை ஆண்டுக்கு உன் குடும்பத்தின் பொறுப்பு, ஒப்பந்தப் பங்கு போக மீதி உன்னுடையது என்றார்கள். அடுத்த ஆண்டே 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி. ஒரே காரணம் இதுதான் என்று சொல்லமாட்டேன், சந்தை விலையையும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் அதே ஆட்கள், அதே வயல்.

இது நாட்டின் பொருளாதாரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், சிறு விவசாயி கையில் நாலு காசு கூடினால் என்ன வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். கூரைக்குத் தகரம், கொஞ்சம் செங்கல், பிள்ளைக்குச் சீருடை, ஒரு சைக்கிள், ஒரு தையல்காரருக்குக் கூலி. எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே யாரோ ஒருவருக்கு வேலை. பத்தாயிரம் ஏக்கர் தோட்ட முதலாளிக்கு அதே லாபம் கிடைத்தால் அது இறக்குமதிக் காராகவோ வெளிநாட்டு வங்கிக் கணக்காகவோ போய்விடும். உலக வங்கி 2008-இன் வளர்ச்சி அறிக்கையில், வறுமையைக் குறைப்பதில் விவசாய வளர்ச்சி மற்றத் துறைகளின் வளர்ச்சியை விடக் குறைந்தது இரண்டு மடங்கு பலன் தருகிறது என்று கணக்குப் போட்டிருந்தது. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, ஏழைகள் இருக்கும் இடம் அதுதான்.


நேர்ப்பேச்சு:

கணக்கர் ஐயா, தைவானும் வியட்நாமும் எல்லோரும் காட்டும் உதாரணம். அவை இரண்டும் பணம் போட்டதால் நடந்தவை அல்ல, யாருக்கு நிலம் என்பதை அரசு மாற்றியதால் நடந்தவை. எறும்பு கேட்பது முதலீடு பற்றி. பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவியைப் பாருங்கள்.

2005-இல் அங்கே கடும் வறட்சி, பல லட்சம் பேருக்கு வெளியிலிருந்து உணவு போனது. அந்தப் பருவத்திலிருந்து சிறு விவசாயிகளுக்குக் கூப்பன் கொடுத்து உரத்தையும் விதையையும் மிகக் குறைந்த விலைக்குத் தந்தார்கள். மழையும் கை கொடுத்தது. இரண்டே ஆண்டில் மக்காச்சோளம் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வந்தது, உலகமே கைதட்டியது. அப்புறம் 2008-இல் உலகச் சந்தையில் உர விலை ஏறியது. விவசாயத்துக்கான அரசுப் பணத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒரு கூப்பனுக்கே போய்விட்டது. சாலை, ஆராய்ச்சி, பயிர் ஆலோசனை எல்லாம் மீதியில் இழுபறி. கூப்பன் ஒரு தடவை கொடுத்தால் நிறுத்த முடியாது, ஏனென்றால் அது ஓட்டு. 2020-இல் திட்டத்தின் பெயர்தான் மாறியது. உரம் இறக்குமதி, டாலரும் இறக்குமதி. இதைப் பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடிப்பது என்று சொல்வீர்களா?

இன்னொரு விஷயம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் என்று காட்டுவார்கள், பல நாடுகளில் அது உண்மைதான், குடும்பமே களையெடுக்கிறது. ஆனால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்குக் குறைவு. மனிதன் வாழ்வது ஏக்கரில் இல்லை. போதாததற்கு, ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே நல்ல விதையைப் போட்டு எல்லோருக்கும் அமோகமாக விளைந்தால் விலை தரையைத் தொடும், லாபம் வாங்குபவனுக்கு. ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், இடம் மட்டும் நகராது.

என் கருத்து, ஆயிரம் ஏக்கராகச் சேர்த்து இயந்திரம் விடுவதே மேல். வெளியே வரும் ஆட்களுக்கு வேலை கொடுக்கப் பணத்தைச் செலவழியுங்கள்.


மழைமானி:

நேர்ப்பேச்சு, மலாவி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசி வரி இருக்கிறதே, அதை ஒரு பேரரசே செய்து பார்த்துவிட்டது. 1947-இல் பிரிட்டிஷ் அரசு தாங்கனிக்காவில், இன்றைய தான்சானியாவில், லட்சக்கணக்கான ஏக்கரில் இயந்திரம் வைத்து நிலக்கடலை போடக் கிளம்பியது. புதர்களின் வேர் இயந்திரங்களை உடைத்தது. மழை நின்றதும் அந்தக் களிமண் காய்ந்து கான்கிரீட் மாதிரி இறுகிவிட்டது, உள்ளே இருக்கும் கடலையைத் தோண்டி எடுக்க முடியவில்லை. 1951-இல் பல கோடி பவுண்டுகளைக் கைகழுவிவிட்டு மூட்டை கட்டினார்கள். அந்த மண் எப்போது இறுகும் என்று அங்கே ஆடு மேய்த்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பெரிது என்பதாலேயே ஒன்று திறமையாக இருந்துவிடாது.

நான் வெளிநாட்டு உதவியில் ஓடிய ஒரு சிறுபாசனத் திட்டத்தில் நாலு வருடம் களப்பணியில் இருந்தவன். எங்கே, யார் திட்டம் என்பதெல்லாம் வேண்டாம். முதல் வருடம் ஐந்தைந்து குடும்பத்துக்கு ஒன்று என்று டீசல் பம்புகள் கொடுத்தோம். படம் எடுத்தோம், அறிக்கை போனது. இரண்டாம் வருடம் போய்ப் பார்த்தால் ஒரு பம்பின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது, உறிஞ்சுகிற தண்ணீர் குழாயில் நிற்காமல் இறங்கிவிடுகிறது. உள்ளங்கையில் பாதி அளவு ரப்பர் துண்டு. அது கிடைக்கும் கடை ஒரு நாள் பயணத்தில் இருந்தது, அங்கேயும் இந்த அளவு இல்லை. ஒருவர் பழைய செருப்பை வெட்டிப் போட்டுப் பார்த்திருந்தார், ஒரு வாரம் ஓடியதாம். எங்கள் பட்ஜெட்டில் பம்புக்கு இடம் இருந்தது, வாஷருக்கு இல்லை. அதை விற்று அதிலேயே பிழைக்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நாம் சிறு விவசாயத்தில் போடுகிறோம் என்று சொல்லும் பணம் பெரும்பாலும் வயலுக்குள் விழுகிறது. ஓட்டை இருப்பது வயலுக்கு வெளியே. கடை, சாலை, சேமிக்கும் இடம், மழை பொய்த்தால் யார் தலையில் விழும் என்ற கேள்வி, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டு மாதம்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. அறுவடை நாளில் எல்லோரும் விற்கிறார்கள். விலை அடிமட்டம். அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. பள்ளிக் கட்டணம் நிற்கிறது, வாங்கிய கடன் நிற்கிறது, வீட்டில் வைத்தால் வண்டு தின்னும். அதனால் விற்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டில் தானியம் தீர்ந்ததும் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்குகிறார்கள். கென்யாவில் இதை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. அறுவடை சமயத்தில் ஒரு சின்னக் கடன், அவ்வளவுதான். உரம் வாங்க அல்ல, விற்காமல் காத்திருக்க. காத்திருந்தவர்களுக்கு வருமானம் கூடியது, கடனும் திரும்பி வந்தது. இன்னும் சுவாரஸ்யம், நிறையப் பேர் காத்திருந்த பகுதியில் அறுவடை கால விலை வீழ்ச்சியே கொஞ்சம் குறைந்தது, கடன் வாங்காதவருக்கும் அதில் பலன்.

வண்டுக்கும் வழி இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய மூன்று அடுக்குப் பை. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பை, வெளியே சாதாரணச் சாக்கு. பயறைக் கொட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் முறுக்கித் தனித்தனியாகக் கட்டவேண்டும். உள்ளே இருக்கும் வண்டு மிச்ச ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிட்டு அடங்கிவிடும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. முதல் தடவை நான் கட்டியபோது அவசரத்தில் உள்பையில் ஒரு சின்னக் கீறல் விட்டுவிட்டேன், மூன்று மாதம் கழித்துத் திறந்தால் பாதிப் பயறு மாவு. பக்கத்து வீட்டு அம்மா கட்டிய பை அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

மழைக்கு வருகிறேன். வடக்கு கானாவில் ஒரு பகுதி விவசாயிகளுக்குப் பணமாகக் கொடுத்தார்கள், இன்னொரு பகுதிக்கு மழைக் காப்பீடு கொடுத்தார்கள். பணம் வாங்கியவர்களை விடக் காப்பீடு கிடைத்தவர்கள்தான் தங்கள் வயலில் கூடுதலாகச் செலவு செய்தார்கள், பணத்தை எங்கிருந்தோ புரட்டிக்கொண்டார்கள். ஆக அவர்களைப் பிடித்து நிறுத்தியது காசில்லாமை மட்டும் இல்லை. போட்டது போய்விட்டால் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்ற பயம்.


எறும்பு:

அண்ணா, அந்தக் கோழி கதையை நண்பனுக்கு அனுப்பிவிட்டேன், அவனும் சிரித்தான். ஆனால் இப்போது என் குழப்பம் கூடித்தான் போயிருக்கிறது. வயலுக்கு வெளியே போடு என்கிறீர்கள். சாலை போடுவதும் கிடங்கு கட்டுவதும் அரசு வேலை இல்லையா? என்னைப் போன்ற ஆள் எங்கே வருகிறான்?


இரண்டிலை:

அரசு பாதி, விவசாயிகளே பாதி என்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கென்யா தேயிலை. குடியேற்ற ஆட்சியில் தேயிலை என்றால் பெரிய தோட்டம்தான், உள்ளூர் ஆப்பிரிக்கர்களைப் பயிரிடவே விடவில்லை, 1950-களில்தான் கதவு கொஞ்சம் திறந்தது. விடுதலை கிடைத்ததும் 1964-இல் சிறு விவசாயிகளுக்கென்று ஒரு தேயிலை வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள், அதற்கு உலக வங்கிக் கடனும் வந்தது.

தேயிலை ஒரு பொறுமையில்லாத பயிர். கொழுந்து பறித்தால் அன்றைக்கே ஆலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கூடைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். அதனால் அவர்கள் தொடங்கியது கன்றில் மட்டும் இல்லை. நடக்கும் தொலைவில் எடை போடும் கொட்டகை, அங்கே குறித்த நேரத்துக்கு வரும் லாரி, லாரி போகச் சாலை, சாலையின் முடிவில் ஆலை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்தான் தோட்டம். காலையில் பறித்த கூடையைக் கொட்டகையில் வைத்தால் தராசு, ஒரு சீட்டு. ஒவ்வொரு மாதமும் கிலோ கணக்கில் ஒரு தொகை, ஆண்டு முடிவில் விற்ற விலையைப் பொறுத்து இரண்டாவது தொகை. அதை அங்கே போனஸ் என்றே சொல்கிறார்கள். மாதா மாதம் வருவதால் வீட்டுச் செலவு ஓடுகிறது, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருவதால் கட்டணம், கூரை, மாடு என்று ஏதாவது ஒரு பெரிய செலவு நடக்கிறது. 2000-இல் இது தனியார்மயமானபோது ஆலைகளின் பங்குதாரர்கள் விவசாயிகளே. இன்று கென்யத் தேயிலையில் பாதிக்கும் மேல் இவர்களுடையது, அந்நியச் செலாவணியில் தேயிலைக்குப் பெரிய இடம்.

பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்கவேண்டாம். ஒரு பகுதிக்குப் போனஸ் கூட, இன்னொரு பகுதிக்குக் குறைவு, நிர்வாகச் செலவு எங்கே போகிறது என்று கேட்டு ஒவ்வொரு ஆண்டும் சண்டை, 2020-இல் தேயிலைக்கென்று புதுச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் கவனியுங்கள், சண்டை போட அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. கொக்கோவை எடுத்துக்கொண்டால் உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்டும் கானாவும்தான், எல்லாம் சிறு விவசாயிகள். சாக்லேட் ஆலையில் அவர்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தம் இல்லை.

நேர்ப்பேச்சு சொன்ன ஓடிக்கொண்டே நிற்கும் கதைக்கு மருந்து ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. விலை விழுந்தால் விழட்டும், அடுத்த கட்டத்தில் வரும் லாபத்தில் பங்கு இருந்தால் கொஞ்சம் தாங்கும்.


ஈரமண்:

சின்ன இடைச்செருகல். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. அடுத்த வருடம் இந்த நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர் வரப்புக் கட்டமாட்டார், மரம் வைக்கமாட்டார், ஒரு பருவத்தில் கையில் வருவதை மட்டும் போடுவார். ருவாண்டாவில் 2009 தொடங்கி நாலைந்து ஆண்டுக்குள் சுமார் 1 கோடி நிலத் துண்டுகளை அளந்து பதிவு செய்தார்கள். வான்வழிப் படத்தை விரித்து வைத்து, அக்கம்பக்கத்தாரையும் நிற்க வைத்து, எல்லையைப் படத்திலேயே கோடு போட்டார்கள். திருமணமான தம்பதி என்றால் இருவர் பெயரிலும். வேலை செய்வது பெண், பெயர் ஆணுடையது என்று இருக்கும் இடத்தில் விதைக் கடனைக் கொடுத்துவிட்டு விளைச்சல் வரவில்லையே என்று கேட்பது அபத்தம். இதெல்லாம் முதலீட்டுக் கணக்கில் வருவதே இல்லை, ஆனால் இதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரியவில்லை.


தவணை:

எறும்பு, உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். மற்றவர்கள் நாட்டைத் தூக்கி நிறுத்தட்டும், உங்கள் காசு எங்கே போகும் என்று பார்ப்போம். ஏழைகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்கும் நுண்கடன் துறையில் பத்து வருடம் குப்பை கொட்டியவன் நான்.

இந்த மாதிரித் தளங்களில் நல்லதும் உண்டு. ஆனால் பருவத்துக்கு இத்தனை விழுக்காடு நிச்சயம் என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். மழையை நம்பிய பயிரில் நிச்சயம் என்று எதுவும் கிடையாது. நைஜீரியாவில் சில வருடம் முன்பு இப்படிப் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பண்ணைகளில் போட்ட தளங்கள் சில, சொன்ன தேதியில் திருப்பித் தர முடியாமல் திணறின. நிச்சயம் என்ற சொல்லை அவர்கள் எழுதியிருக்கவே கூடாது. அது நிச்சயமாக இருக்கவேண்டுமென்றால் நஷ்டம் வேறு யார் தலையிலாவது விழுந்தாகவேண்டும், பெரும்பாலும் அது விவசாயியின் தலை.

அப்புறம் தவணை. நுண்கடன் வளர்ந்தது சின்னக் கடைக்காரர்களையும் தையல் மெஷின் வைத்திருப்பவர்களையும் வைத்து. அவர்களுக்குத் தினமும் கல்லாவில் காசு விழும், வாராவாரம் கட்டுவார்கள். அதே அச்சில் விவசாயியையும் வார்த்தார்கள். விதைத்த மறுவாரம் தவணை என்றால் அவர் எங்கே போவார்? இன்னொருவரிடம் வாங்கி இங்கே கட்டுவார், கூலிக்குப் போவார், ஆட்டை விற்பார். நம் புத்தகத்தில் வசூல் 98 விழுக்காடு என்று இருக்கும். நானும் அப்படிப் புத்தகம் எழுதியவன்தான். ஒரு வீட்டில் தவணைக்காகப் போய் நின்றபோது, திண்ணையில் இருந்த பாட்டி எங்கள் முன்னாலேயே விதைக்கு வைத்திருந்த மூட்டையைப் பிரித்து அளந்து விற்கக் கொடுத்தார். ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாத அறிக்கையில் அது ஒரு நல்ல வசூல்.

அதனால் கேட்கவேண்டியது மூன்றே மூன்று. மழை பொய்த்தால் நஷ்டத்தில் நீங்களும் பங்கெடுக்கிறீர்களா? தவணை அறுவடையோடு பொருந்துகிறதா? விளைந்ததை வாங்குபவர் ஒருவர்தானா, அவரே விலையையும் வைக்கிறாரா? கடன் கொடுப்பவர், உரம் விற்பவர், விளைச்சலை வாங்குபவர் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்த விவசாயி தன் நிலத்திலேயே கூலிக்காரர்.


நேர்ப்பேச்சு:

தவணை சொன்னதற்கு ஒரு கும்பிடு. மழைமானி, தாங்கனிக்காவுக்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புக் கணக்குப்படி உலகில் இருக்கும் பண்ணைகளில் 6-க்கு 5 இரண்டு ஹெக்டேருக்கும் கீழே. மொத்த விவசாய நிலத்தில் சுமார் 12 விழுக்காடுதான் அவர்களிடம், உணவில் ஏறக்குறைய 35 விழுக்காட்டை அவர்கள் தருகிறார்கள். சரி, பெரிய விஷயம்தான். ஆனால் அந்த விவசாயிகளின் பிள்ளைகளில் எத்தனை பேர் அதே ஒரு ஏக்கரில் நிற்க விரும்புகிறார்கள்?


பழைய கணக்கர்:

நிற்க வேண்டாமே. தைவானில் அந்த விவசாயிகளின் பிள்ளைகள் நிற்கவில்லை, படித்தார்கள், ஆலைக்குப் போனார்கள். துரத்தப்பட்டுப் போவதற்கும் படித்துவிட்டுப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது வகையில் போனவர்கள் நகரத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், இரண்டாவது வகையில் போனவர்களின் பள்ளிக் கட்டணத்தை வயல் கட்டியது. ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் கூடி, அரசு பட்ஜெட்டில் 10 விழுக்காட்டை விவசாயத்துக்கு ஒதுக்குவோம் என்று கையெழுத்துப் போட்டன. பெரும்பாலானவை அதைத் தொடவே இல்லை. ஒழுங்காகச் செய்து பார்த்துத் தோற்றுப்போன நாடுகளை எண்ணினால் ஒரு கை விரல் போதும்.


எறும்பு:

எல்லோருக்கும் நன்றி. தவணை அண்ணா சொன்ன மூன்று கேள்வியையும் அந்தத் தளத்துக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் கேள்விக்கு "எங்கள் கூட்டாளிகள் மிகவும் அனுபவம் வாய்ந்தவர்கள்" என்று ஒரு வரி. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. கூடவே ஒரு கையேடு, சிரித்த முகங்கள், பச்சை வயல்.


மழைமானி:

கையேட்டில் திருப்பிச் செலுத்தும் அட்டவணை இருக்கிறதா? எந்தப் பயிர், முதல் தவணை எத்தனையாவது நாள்?


எறும்பு:

பத்தாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. பயிர் மக்காச்சோளம், முதல் தவணை 30-வது நாள். முகப்புப் பக்கத்தில் அறுவடைக்குப் பிறகு என்றுதான் போட்டிருக்கிறார்கள்.


மழைமானி:

30-வது நாளில் மக்காச்சோளம் உங்கள் முழங்கால் உயரம் இருக்கும்.